கவலை கேட்ட ராமாமணி

நெட்டால் செங்கோடன் குடும்பத்தை முதல் வாரத்திலிருந்து பின்தொடர்ந்து வருகிறவர்கள் இந்த முதல் நாலு பத்தியைத் தாண்டிப் போகலாம். நடுவழியில் ஏறிக்கொண்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செங்கோடன் மீசை அரும்பும் வயதில் அப்பனோடு மல்லுக்கு நின்று, பல்லடத்துக்குப் பக்கத்திலுள்ள கருக்கம்பாளையத்தை விட்டுக் கிளம்பி, கடல் தாண்டி, தென்னாப்பிரிக்காவிலுள்ள நெட்டாலுக்குப் போனவன். கரும்புக்காட்டில் கூலிக்கு இருந்தான். பிறகு டர்பன் பட்டணத்து ஆற்றங்கரையில் காய்கறித் தோட்டம் போட்டான். பக்கத்துத் தோட்டத்துத் தெலுங்குக் குடும்பத்துப் பெண் ராமாமணியைக் கட்டிக்கொண்டான். நஞ்சம்மாள் என்று ஒரே மகள்.

ஆற்றங்கரைத் தோட்டம் கையை விட்டுப் போனதும், நமக்கென்று ஊரிலே மண் இருக்கிறது என்று பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தப் பொங்கலுக்கு வந்து இறங்கினான். ராமாமணி பிறந்தது, வளர்ந்தது, வாழ்ந்தது எல்லாம் நெட்டால்தான். இந்தியா என்ற தேசத்தை அவள் முதன்முதலில் பார்த்ததே கப்பல் தட்டில் நின்றுகொண்டுதான்.

செங்கோடனின் அண்ணன் ஈஸ்வரமூர்த்திக் கவுண்டர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவைத்து, தோட்டத்தில் மூன்று ஏக்கராவும் அதற்குள்ளேயே ஒரு சாளை வீடும் தம்பிக்கென்று பிரித்துக் கொடுத்தார். பருத்தி போடச் சொன்னார். ராமாமணி மிளகாய் நாற்று நட்டாள். போன வாரக் கதையின் முடிவில் அவர் வரப்பில் வந்து நின்று, "நாளையிலிருந்து உங்க பாத்திக்குத் தண்ணி இல்லை" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார்.

அந்த நாளை இப்போது விடிந்திருக்கிறது.

மாசி வெயில் காலையிலேயே முதுகில் ஏறிவிட்டது. செங்கோடனின் பழைய வைக்கோல் தொப்பியை முக்காட்டின்மேல் கவிழ்த்துக்கொண்டு ராமாமணி பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தாள். அந்தத் தொப்பியைப் பார்த்து ஊர் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது. அவள் கழற்றுவதாக இல்லை.

நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. இன்றைக்கு ஈரம் படாவிட்டால் நாளைக்குப் பிடுங்கி எறிய வேண்டியதுதான். நாற்று போனால் இந்த வருஷத்து வெள்ளாமை போகும். வெள்ளாமை போனால் நிலத்தை அண்ணனிடமே விட்டுவிட்டுக் கோயமுத்தூர் மில்லுக்கு மூட்டை கட்ட வேண்டும். ஈஸ்வரமூர்த்தி காத்துக்கொண்டிருப்பதும் அதற்குத்தான். நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்டு தோட்டத்துக்கு வந்ததும் மோட்டார் வைத்து, கண்ணுக்கெட்டிய மட்டும் பருத்தி போட வேண்டும் என்பது அவருடைய கனவு. தம்பியின் மூன்று ஏக்கரா அந்தக் கனவின் நட்டநடுவில் கிடந்தது.

சாளை வாசலில் நஞ்சம்மாள் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹம்பா! ஹம்பா!"

நெட்டாலில் ஜூலு மக்கள் 'போ' என்பதற்குச் சொல்கிற வார்த்தை அது. கருக்கம்பாளையத்துக் கோழிகள் கற்றுக்கொண்டுவிட்டன. கருக்கம்பாளையத்து மனிதர்கள்தான் இன்னமும் அந்த வீட்டாரை 'ஒரம்பரை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரம்பரை என்றால் விருந்தாளி. மரியாதையான வார்த்தைதான். ஆனால் விருந்தாளி என்கிறவன் என்றைக்காவது கிளம்பிப் போக வேண்டியவன் அல்லவா?

செங்கோடன் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். ராமாமணி அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஏங்க, மாமா தண்ணி இல்லேன்னுட்டுப் போயிட்டாரு. என்னா செய்யப் போறீங்க?"

"என்ன செய்யறது மணி? அண்ணன் மில்லுல சொல்லி வெச்சிருக்கறாரு. எனக்கும் வேலை, நஞ்சிக்கும் வேலை. ரோசிச்சுப் பார்த்தா அதுவும் நல்லதுக்குத்தான்."

"மில்லுச் சங்கு கேக்கறதுக்கா நான் கடலைத் தாண்டி வந்தேன்?"

அவன் தட்டை உதறிக்கொண்டே இருந்தான்.

"நெலத்தைப் பிரிச்சுக் குடுத்தவரு தண்ணியை மட்டும் குடுக்க மாட்டேன்னா எந்த ஊரு நியாயம்? பெரியவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

"கேக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா உட்டுப்போடேன்!"

செங்கோடன் குரல் உயர்த்துகிற ரகம் அல்ல. கப்பலில் பெட்டி காணாமல் போனபோதுகூட மெல்லத்தான் பேசினான். இப்போது குரல் உயர்ந்தது. கண் மாட்டின் கொம்பிலேயே இருந்தது. இந்த மனிதர் முகத்தைத் திருப்பினால் உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்பது ராமாமணிக்குக் கல்யாணமான முதல் வருஷமே தெரியும்.

அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பெரிய வீட்டுக்கு நடந்தாள்.

பெரிய வீட்டு வாசலில் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி சின்னாத்தாள் தட்டைப்பயறு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். ஆனாலும் ராமாமணியைக் கண்டால் அவள் முகம் சட்டென்று மலரும். அப்புறம் புருஷன் ஞாபகம் வந்து மலர்ந்த முகம் சுருங்கும். இன்றும் அப்படியே மலர்ந்தது, அப்படியே சுருங்கியது.

"வா அம்மணி. காலங்காத்தால இந்த வெயில்ல?"

"அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்க. அந்தக் கிணத்துல எங்களுக்குப் பங்கு உண்டா இல்லையா?"

பயற்றைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

"இதென்ன கண்ணு இப்படிக் கேக்கறே? நீதான வேண்டாம்னு சொல்லிப்போட்டே?"

"நானா?"

"பங்கு பிரிச்ச அன்னிக்கு, ஆசாரத்துல அத்தன பேரு முன்னால! உங்க மாமன் என்ன கேட்டாங்க? 'அம்மணி, கவலை உங்களுக்கு வேணுங்களா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுங்களா?'ன்னு கேட்டாங்க. நீ கையெடுத்துக் கும்புட்டு என்ன சொன்னே? நெனச்சுப் பாரு."

ராமாமணி நினைத்துப் பார்த்தாள். நன்றாக நினைவு வந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மனத்தை அரிக்கிற கவலை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் கொங்கு நாட்டில் அது போக இன்னொரு கவலையும் உண்டு. கிணற்று மேட்டில் ஜோடி மாட்டைப் பூட்டி, வடக்கயிற்றில் தோல் பறியைக் கட்டி உள்ளே இறக்கி, மாடுகளைச் சரிவில் ஓட்டித் தண்ணீரை மேலே இழுக்கிறோமே, அதற்கு இங்கே கவலை என்றுதான் பெயர். வேறு சீமைகளில் கமலை என்பார்கள். மாடு இறங்கி ஏறுகிற சரிவுக்குப் பெயர் வாரி. கோழி கூப்பிட எழுந்து, "கவலை ஓட்டப் போறேன்" என்று உற்சாகமாகக் கிளம்புகிற ஜனங்கள் உலகத்திலேயே நாங்கள்தான்.

நெட்டாலில் ஆறு இருந்தது, மழை இருந்தது, கவலை இல்லை. அதாவது இந்தக் கவலை இல்லை. மற்றது மூட்டை மூட்டையாக இருந்தது. கடலெல்லாம் வாந்தி எடுத்து இளைத்துப்போய், ஆசாரம் என்கிற பெரிய வீட்டு முன்கூடத்தில் ஒரு முகமும் தெரியாமல் வந்து நின்றவளிடம் புருஷனுடைய அண்ணன், "கவலை உங்களுக்கு வேணுங்களா, நாங்களே பாத்துக்கட்டுங்களா?" என்று கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பரிவான மனிதர்!

"இனிமே எங்களுக்கு எதுக்குங்க கவலை? கவலையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க மாமா" என்று கும்பிட்டாள். ஆசாரமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே இந்த ஊர்க் கவலை எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேடிக்கையான பெயர் என்று மகளிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. ஆனால் அன்று ஆசாரத்தில் தன்னைக் கேட்டது எந்தக் கவலை என்று அவள் ஒருநாளும் திரும்பி யோசிக்கவில்லை.

"நான்கூட நெனச்சேன், இந்தப் புள்ளைக்கு என்ன தாராள மனசுன்னு" என்றாள் சின்னாத்தாள். "கெணத்துல பாதி, அதை ஆரு அப்படித் தூக்கிக் குடுப்பாங்க? ஊரே பேசிக்கிச்சு. இத்தன நாளா உங்க மாமன் தண்ணி உட்டதெல்லாம் தருமத்துக்குத்தான் அம்மணி."

ராமாமணிக்குக் காது மடல் சுட்டது. கோபம் பிற்பாடுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

"அக்கா, அன்னிக்கு எனக்கு அந்த வார்த்தை தெரியாது."

"தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. மனக்கவலைன்னு நெனச்சேன்."

சின்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையாவது அடக்குகிறாளா என்று சொல்ல முடியவில்லை. பிறகு முந்தானையை எடுத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்:

"அட சாமி! உனக்குத் தெரியாதுன்னா, உங்கூட்டுக்காரருக்குத் தெரியுமே கண்ணு? அவரு இந்த மண்ணுல பொறந்தவரு. பக்கத்துலதான உக்காந்திருந்தாரு?"

ராமாமணி திரும்பி வந்த வேகத்தில் வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வழி விட்டன.

செங்கோடன் அதே கட்டுத்தரையில் அதே தட்டை வைத்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

எது என்று அவன் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயைத் தொறக்கலே."

"எத்தன வருசம் கழிச்சு வந்தவன் நானு! அப்பன் எழவுக்குக்கூட வல்லே. அண்ணன் எதுத்தாப்பல உக்காந்து நெலம் குடுக்கறாரு. அத்தன பேரு முன்னால, என்ற பொண்டாட்டிக்கு இந்த ஊரு வார்த்தை தெரியலீங்கன்னு எப்படிச் சொல்றது மணி? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுப்போட்டேன்."

"ஊரு சிரிச்சதுக்கு எனக்கு வருத்தமில்லே. அவங்களுக்கு நான் யாரோ. நீங்க எப்படிச் சிரிச்சீங்க?"

அவன் கையிலிருந்த தட்டு கீழே நழுவியது. ராமாமணி அழவில்லை. அழுதால் இந்த மனிதர் பக்கத்தில் வந்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஆறுதல் அவளுக்கு இப்போது வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது. தன் வாயாலேயே தன் நிலத்தைக் காயப் போட்டுவிட்டோமே என்று எரிந்தது. அந்த எரிச்சலிலேயே ஏதோ ஒன்று அவளுக்குத் தட்டுப்பட்டது.

"அன்னிக்கு நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. ஒரு எழுத்து விடக்கூடாது."

"எதுக்கு மணி?"

"சொல்லுங்க."

"'கவலையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க மாமா'ன்னு சொன்னே."

"தண்ணின்னு சொன்னேனா?"

"இல்லே."

"கிணறுன்னு சொன்னேனா?"

"இல்லே."

"அப்போ நான் குடுத்தது கவலையை மட்டும்தான்."

செங்கோடன் விழித்தான். "கவலை இல்லாமத் தண்ணி எப்படி மேல வரும்?"

"நெட்டால்ல எப்படி வந்துச்சு? உங்க அண்ணனா வந்து எறைச்சு ஊத்துனாரு?"

சாளைக்குப் பின்புறம் இரண்டு ஜோடி மண்ணெண்ணெய் டின்கள் கிடந்தன. பக்கத்தில் ஒரு காவடிக் கம்பு. கப்பலில் சிப்பந்தி ஒருவன் குப்பை என்று கடலில் எறியப் பார்த்து, ராமாமணி சண்டை போட்டு வாங்கி வைத்த கம்பு அது. ஆற்றங்கரையில் அவள் பாவாடை கட்டின வயதிலிருந்து, முன்னால் ஒரு டின் பின்னால் ஒரு டின் என்று அதில்தான் தண்ணீர் சுமந்தாள். அவள் தோள் எலும்புக்கு அந்தக் கம்பு தெரியும்.

"நஞ்சி, நீ பாத்தியில நில்லு. டின்னு வரவர வேர்ல ஊத்தணும். இலையில படக்கூடாது."

"நீ எங்கம்மா போறே?"

"உங்க பெரியப்பாகிட்டக் கவலையை விட்டுட்டுத் தண்ணியை எடுத்துக்கிட்டு வரேன்."

கிணறு என்றால் சின்னக் கிணறு அல்ல. சதுரமாக வெட்டி, தெற்குச் சுவரில் கல் படி வைத்து இறக்கிய பெரும் கிணறு. அதற்கு இரண்டு வாரி. மேற்கு வாரியில் ஈஸ்வரமூர்த்தியின் கவலை தினமும் ஓடியது. கிழக்கு வாரியில் எருக்கு முளைத்துக் கிடந்தது. செங்கோடன் வந்த பிறகும் அதை யாரும் வெட்டிச் சுத்தம் செய்யவில்லை.

ஈஸ்வரமூர்த்தி வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வாரியில் இறங்கினார். பறி மேலே வந்து தண்ணீரைக் கக்கியது. மாட்டைப் பின்னுக்கு நடத்தி மேட்டுக்கு வந்தவர், கிணற்றுக்குள் ஒரு வைக்கோல் தொப்பி படி படியாக இறங்குவதைப் பார்த்தார்.

"ஆரது? ஆரது கெணத்துக்குள்ள?"

"நான்தாங்க மாமா."

"அங்க உனக்கென்ன சோலி?"

"தண்ணி எடுக்கறேங்க."

"நீதான வேண்டாம்னு சொல்லிப்போட்டே!"

"கவலை வேண்டாம்னு சொன்னேங்க. அதை நான் தொடவே இல்லீங்க, பாருங்க. அது உங்க கவலை. நீங்க நல்லா ஓட்டுங்க மாமா."

கிணற்றுச் சுவர் அவள் குரலை வாங்கி ஊருக்கே சொல்வதுபோல் உரக்கச் சொன்னது. மேட்டில் மாடு பிடித்துக்கொண்டிருந்த பண்ணையாள் ஒருவன் சிரிப்பை விழுங்கப் பார்த்துப் புரையேறிக்கொண்டான்.

இரண்டு டின்னையும் நிரப்பிக் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ராமாமணி படியேறினாள். ஆற்றங்கரை மேடு வேறு, கிணற்றுப் படி வேறு. பாதியிலேயே கால் நடுங்கியது, மூச்சு வாங்கியது. நின்றால் மாமா பார்ப்பார் என்பதற்காகவே நிற்காமல் ஏறினாள். மேலே வந்ததும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாத்திக்கு நடந்தாள். நஞ்சம்மாள் டின்னை வாங்கி வேர் வேராக ஊற்றினாள். ராமாமணி திரும்ப இறங்கினாள்.

அப்படியே விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் அவள் தோள் கழன்று தானே உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஈஸ்வரமூர்த்திக்குப் பொறுமை இருந்தால் அவர் ஏன் ஈஸ்வரமூர்த்தியாக இருக்கிறார்? மாட்டை அவிழ்த்துவிட்டு, ஊர்க்கவுண்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும்படி பண்ணையாளை விரட்டினார். நியாயம் தன் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஊர்க்கவுண்டர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் வருகிறார் என்றதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். சின்னாத்தாளும் எல்லோருக்கும் பின்னால் வந்து நின்றாள். அன்றைக்கு ஆசாரத்தில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் இந்த ஊர்க்கவுண்டர்தான்.

"அம்மணி, காவடியை எறக்கி வெச்சுப்போட்டுச் சித்த இப்படி வா. பெரியவங்க முன்னால குடுத்த வார்த்தையில இருந்து மாறலாமா?"

"மாறலீங்க. அந்த வார்த்தையிலதாங்க நிக்கறேன். கவலை வேண்டாம்னேன். கவலை அவர்கிட்டத்தாங்க இருக்கு."

"கேட்டீங்களா எகத்தாளத்தை!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "கவலை வேண்டாம்னா கெணறு வேண்டாம், தண்ணி வேண்டாம்னுதானுங்க அர்த்தம்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமுங்க!"

ராமாமணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை.

"ஏங்க மாமா, வார்த்தைக்கு நீங்க அர்த்தம் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதுங்களா? அன்னிக்கு என் மனசுல இருந்த அர்த்தமே வேறேங்க. அதுவரைக்கும் இந்தக் கவலையை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லீங்க. மனசுக் கவலையைக் கேக்கறீங்கன்னு நெனச்சுக் கும்பிட்டேன். அதைச் சொன்னா ஒத்துக்குவீங்களா? சொன்னது சொன்னதுதான்னு சொல்லுவீங்க. சரிங்க, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். வார்த்தையைத்தானே பிடிச்சீங்க? நானும் அதையே பிடிச்சுக்கறேன்."

 ஊர்க்கவுண்டரின் மீசை லேசாக ஆடியது.

"மனசுக் கவலைன்னா நெனச்சே?" என்று கேட்டுவிட்டு அவர் குடையைச் சுருக்கினார். முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த வழியே திரும்பியும் போய்விட்டது. "அதுக்கா அன்னிக்கு நாங்க அத்தன பேரும் சிரிச்சோம்?"

"அது கெடக்கட்டுமுங்க!" ஈஸ்வரமூர்த்தி குரலை உயர்த்தினார். "என்ன கூட்டம், என்ன குலம்னே தெரியாதவ, என்ற கெணத்துல எறங்கறா. அதைக் கேளுங்க!"

"அதை, பொங்கலுக்கு அவ கையால பணியாரம் வாங்கித் தின்னமே, அன்னிக்குக் கேட்டிருக்கோணும் ஈஸ்வரமூர்த்தி. நானுந்தான் தின்னேன். நல்லா இருந்துச்சு." ஊர்க்கவுண்டர் சுற்றிலும் பார்த்தார். "செங்கோடன் எங்க? அவன் பொண்டாட்டிய முன்னால உட்டுப்போட்டு ஒளிஞ்சுக்கிட்டானா?"

"இங்க இருக்கறேனுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். செங்கோடன் வேலியோரத்தில் புதிதாக வெட்டிய மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் இரண்டு டின். நேரே வந்து ராமாமணிக்குப் பக்கத்தில் நின்றான். மூங்கிலின் கணுவைக்கூடச் சீவாமல் அவசரமாக வெட்டியிருந்தான்.

"அவளுக்கு அன்னிக்கு அந்த வார்த்தை தெரியாதுங்க. எனக்குத் தெரியும். நான்தான் வாயை மூடிட்டு இருந்தேன். அவ இப்பச் சொன்னதெல்லாம் அன்னிக்கே நான் சொல்லியிருக்கோணும். இப்பச் சொல்றேனுங்க. எங்கப்பன் இந்தக் கெணத்துக்கு ரெண்டு வாரி போட்டு வெச்சது ரெண்டு மகனுக்குத்தானுங்க. கெழக்கு வாரியில நான் கவலை பூட்டறேன்."

சொல்லிவிட்டு அவன் ராமாமணியின் கண்ணைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தான். அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு இன்னும் சில நாள் ஆகும், அந்தச் சில நாளும் அவனுக்குச் சுகமாக இருக்காது. ஆனால் அவள் நெஞ்சுக்குள் காலையில் இறுகிய ஒன்று கொஞ்சம் தளர்ந்தது. அதை நான் மறைக்க முடியாது.

ஈஸ்வரமூர்த்தி கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை.

"அப்பனா? உனக்கு என்னடா தெரியும்? கெழக்கு வாரிய அப்பன் வெட்டலே. அப்பன் செத்த பொறவு வெட்டுனது. ஆரு கழுத்து நகையைக் கழட்டி வெட்டுனது, ஆருக்காக வெட்டுனதுன்னு உங்க அண்ணியக் கேளு!"

எல்லோரும் சின்னாத்தாளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெறும் தாலிச்சரடு மட்டும் கிடந்த கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். இத்தனை பெரிய பண்ணையத்து வீட்டுக்காரிக்கு நகையே இல்லை என்பதை ராமாமணி இன்றைக்குத்தான் கவனித்தாள். காலையில் முந்தானைக்குள் அவள் அடக்கியது என்ன என்றும் இப்போதுதான் யோசித்தாள்.

"இது புதுச் சேதி" என்றார் ஊர்க்கவுண்டர். அவர் குரலில் விளையாட்டு போய்விட்டது. "வெள்ளிக்கிழமை ஆசாரத்துல உக்காந்து பேசுவோம். சின்னாத்தா, நீயும் வந்து பேசோணும். அதுவரைக்கும் படியில எறங்கித் தண்ணி எடுக்கறதை ஆரும் தடுக்கக் கூடாது. ஈஸ்வரமூர்த்தி, உனக்குத்தான் சொல்றேன்."

ஈஸ்வரமூர்த்தி அவிழ்த்துவிட்ட மாட்டைப் பிடித்துக்கொண்டு வாரியை நோக்கி நடந்தார்.

ஊர்க்கவுண்டர் குடையை விரித்தார். இரண்டடி போனவர் நின்று திரும்பினார்.

"அம்மணி, அன்னிக்கு உன்னைக் கேட்டதையே நான் இப்பத் திருப்பிக் கேக்கறேன். இப்ப அர்த்தம் தெரியுமல்ல? தெரிஞ்சே பதில் சொல்லு. உனக்குக் கவலை வேணுமா, வேண்டாமா?"

ராமாமணி எருக்கு மண்டிய கிழக்கு வாரியைப் பார்த்தாள். தலை நிமிராத சின்னாத்தாளைப் பார்த்தாள். சீவாத மூங்கிலோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அவனுக்கப்பால், பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் நின்ற நாற்றுகளையும் பார்த்தாள்.

"வேணுங்க."

"எந்தக் கவலை?"

"ரெண்டு கவலையும் வேணுங்க. கவலை இல்லாம இருக்கறது ஒரம்பரைங்க. நாங்க ஒரம்பரை இல்லீங்க."

ஊர்க்கவுண்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போனார்.

ராமாமணி தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டாள். காவடியைத் தோளில் ஏற்றினாள். நனையாத பாத்திகள் இன்னும் நிறைய இருந்தன. புருஷன் அங்கேயே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, கோழியை விரட்டுகிற குரலில் சொன்னாள்:

"ஹம்பா!"

செங்கோடன் முன்னால் இறங்கினான்.